ஸிக்கி ஸ்டார்டஸ்ட் கச்சேரிப் படம்: இரண்டாவது தடவை டிரம்மருக்காகப் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படம் இருட்டாகத்தான் இருக்கும். காசு கொடுத்து ப்ளூ-ரே வாங்கி, பத்து நிமிடம் ஓடியதும் ரிமோட்டை எடுத்து டிவியில் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கில் ஏதோ கோளாறு என்று திருப்பி அனுப்பக் கிளம்புகிறவர்களுக்காக இதை முதல் வரியில் வைக்கிறேன். கோளாறு இல்லை. 1973இல் 16 மி.மீ. ஃபிலிமில், கச்சேரிக்குப் போட்ட மேடை விளக்குகளை நம்பி எடுத்த படம். பாதி நேரம் திரை சிவப்பு, மீதி நேரம் கறுப்பு, நடுவில் புருவமே இல்லாத ஒரு வெளிறிய முகம். அந்த முகத்துக்காகத்தான் இந்தப் படம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர் கொஞ்சம் நீளம்: 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட் அண்ட் த ஸ்பைடர்ஸ் ஃப்ரம் மார்ஸ்'. 1973 ஜூலை 3, லண்டனின் மேற்கே ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் டேவிட் போவி நடத்திய கச்சேரி. எடுத்தவர் டி. ஏ. பென்னிபேக்கர். பாப் டிலனின் 1965 இங்கிலாந்துப் பயணத்தைப் பின்தொடர்ந்து ஒரு படம், 1967 மான்டரே இசை விழாவைப் பற்றி ஒரு படம் என்று அதற்குள் இந்த வகைப் படங்களுக்கு இலக்கணமே எழுதி வைத்திருந்த ஆள். பின்னணிக் குரல் கிடையாது, விளக்கம் கிடையாது, கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பது நடக்கட்டும் என்று நிற்பார். அவரை அனுப்பிய ஆர்சிஏ ரெக்கார்டு கம்பெனி கேட்டது முழுப் படம்கூட இல்லை, அவர்கள் சந்தைக்குக் கொண்டுவர நினைத்த ஒரு வீடியோ டிஸ்க்குக்காக அரை மணி நேரச் சரக்கு, அவ்வளவுதான். வந்து பார்த்தவருக்கு இது அரை மணி நேரத்தில் அடங்குகிற சமாசாரமாகத் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரப் படமாக்கிவிட்டார்.

போவியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1971 வாக்கில் பாடகர் மார்க் போலன் கன்னத்தில் மினுமினுப்புத் தூளைத் தடவிக்கொண்டு இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் பாடியதிலிருந்து கிளாம் ராக் என்று ஓர் அலை கிளம்பியது. ஆண்கள் சாட்டின் துணியிலும் அடி உயர்ந்த பூட்ஸிலும் லிப்ஸ்டிக்கிலும் மேடையேறினார்கள். பலருக்கும் அது உடுப்போடு நின்றுவிட்டது. போவி அதை முழு வேஷமாகக் கட்டினார். வேற்றுக்கிரகத்து வாடையடிக்கிற ஒரு ராக் நட்சத்திரம், புகழின் உச்சியில் ஏறி அங்கேயே அழிந்துபோகிறவன், அவன் பெயர் ஸிக்கி என்று ஒரு கதாபாத்திரத்தை உண்டாக்கி 1972 ஜூனில் ஆல்பமாக வெளியிட்டார், அந்த வருடத் தொடக்கத்திலிருந்தே அதே ஸிக்கியாக ஒன்றரை வருடம் இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று சுற்றினார். மேடையை விட்டு இறங்கியும் வேஷம் கலையவில்லை. பேட்டியில் ஸிக்கி, ஹோட்டலில் ஸிக்கி, ரயிலிலும் ஸிக்கி. (விமானம் என்றால் பயம், ஜப்பானிலிருந்து கப்பலும் சைபீரிய ரயிலுமாகத்தான் திரும்பினார்.) அந்தச் சுற்றின் கடைசி இரவுதான் இந்தப் படம். போவிக்கு வயது 26.

படம் ஒப்பனை அறையில் தொடங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் இது ஒன்று. கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிற மெலிந்த, பல் வரிசை சரியில்லாத, சிகரெட்டும் கையுமான ஓர் இளைஞன் மெல்ல மெல்ல வேறொருவனாகிக்கொண்டே போகிறான். நெற்றியில் அந்தத் தங்க வட்டம் வந்த பிறகு அங்கே போவி இல்லை. இவ்வளவு நேரம் 'அவர்' என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கே இந்த இடத்தில் 'அவன்' என்றுதான் வருகிறது. மனைவி ஆஞ்சி கலகலவென்று வந்து போகிறார். ஒரு பக்கம் ரிங்கோ ஸ்டார் தெரிகிறார், ஆமாம், பீட்டில்ஸ் ரிங்கோ ஸ்டார்தான், படம் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்வதே இல்லை. அரங்கில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மின்னணு ஒலியில் அலறத் தொடங்குகிறது, கூட்டம் அதற்கு மேல் அலறுகிறது, கிட்டார் முழங்குகிறது.

உடைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் அடிக்க வருவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பல உடைகள் ஜப்பானிய வடிவமைப்பாளர் கன்சாய் யமமோட்டோ வேலை. கபுகி நாடகத்தில் ஓர் உத்தி உண்டு, நூலை இழுத்தால் மேலுடை அப்படியே பிரிந்து விழும், உள்ளேயிருந்து அடுத்த உடை வெளிவரும். அதை ராக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க, ஒரே நொடியில் ஆள் மாறி நிற்கிற வித்தை. ஒரு கை, ஒரு கால் மட்டும் மூடிய பின்னல் உடை ஒன்று வருகிறது, அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.

சரி, இப்போது ரான்சன். மிக் ரான்சன், லீட் கிட்டார், வெளுத்த நீளமுடி. ஹல் நகரத்துக்காரர், போவியிடம் வருவதற்கு முன்னால் அந்த ஊர் நகராட்சியில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். கிட்டார் மட்டுமில்லை, ஆல்பத்தில் கேட்கிற வயலின் கூட்டங்களுக்கு ஸ்வரம் எழுதியதும் அவர்தான். போவியோடு சேர்ந்து அமெரிக்கப் பாடகர் லூ ரீடுக்கு 1972இல் ஓர் ஆல்பமே தயாரித்துக் கொடுத்தார். படத்தில் 'மூனேஜ் டேட்ரீம்' பாட்டு வரும்போது கொஞ்சம் வால்யூமைக் கூட்டுங்கள். பாட்டு முடிகிற இடத்தில் அவர் ஒரு நோட்டைப் பிடித்து, அதை விடாமல் இழுத்து, வளைத்து, கெஞ்ச வைத்து, கடைசியில் கத்த வைக்கிறார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அந்தச் சத்தத்தை அந்த முகமே பிழிந்தெடுக்கிறதோ என்று தோன்றும். 'த விட்த் ஆஃப் எ சர்க்கிள்' என்கிற நீளமான பாட்டில் போவி கண்ணுக்குத் தெரியாத சுவரைத் தடவித் தடவி இடுக்கு கண்டுபிடித்து வெளியே வருகிற ஊமைக்கூத்து ஒன்று உண்டு, ஊமைக்கூத்துக் கலைஞர் லிண்ட்ஸே கெம்ப்பிடம் கற்ற வித்தை, எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அது இரண்டாவது நிமிடத்திலேயே போதும் என்றாகிவிட்டது. அதே பாட்டில் போவி உடை மாற்ற உள்ளே போயிருக்கும்போது ரான்சனும் பாஸ் வாசிக்கிற ட்ரெவர் போல்டரும் மேடையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு கிட்டாரை வாளாக்கிச் சண்டை போடுகிறார்கள் பாருங்கள், அங்கே தெரியும் இது ஒரு ஆளின் கச்சேரி இல்லை என்று.

அந்த மூன்று பேரும் (ரான்சன், போல்டர், டிரம்ஸில் மிக் வூட்மன்ஸி, செல்லமாக வூடி) வடக்கே யார்க்ஷயர் பக்கத்துப் பையன்கள். லிப்ஸ்டிக், மினுமினுப்பு எல்லாம் ஆரம்பத்தில் அவர்களுக்கு ஆகவே ஆகாது. பிறகு பெண்கள் மொய்ப்பதைப் பார்த்ததும் ஆட்சேபம் குறைந்துவிட்டது என்று கதை உண்டு. போல்டரின் அந்தக் கிருதாவைப் பார்த்தால் சமாதானம் முழுமையாக ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பென்னிபேக்கரின் கேமரா மேடையை விட்டுக் கூட்டத்துக்குள் அடிக்கடி போகிறது. படத்தின் உயிர் பாதி அங்கேதான். பதினாலு, பதினைந்து வயதுப் பெண்கள், நெற்றியில் வட்டம் வரைந்துகொண்டு, கண்ணை மூடி, வாய் மட்டும் அசைகிறது, ஒவ்வொரு வரியும் மனப்பாடம். கையில் செல்போன் இல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அழுகிறார்கள், ஆனால் சாமி வந்தவர்கள் அழுகிற மாதிரி, எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாத அழுகை. பெல்ஜியப் பாடகர் ஜாக் ப்ரெலின் சாவுப் பாட்டு ஒன்றை போவி தனியாக நின்று பாடுகிறார். கடைசி வரியில் "கதவுக்கு அந்தப் பக்கம் எது இருந்தாலும் சரி, இந்தப் பக்கம் இருப்பது..." என்கிற மாதிரி இழுத்து நிறுத்துகிறார். வரவேண்டிய சொல் 'நீ'. அதற்குள் கூட்டத்திலிருந்து "நான்! நான்!" என்று குரல்கள். பாடகர் அந்தச் சொல்லைப் பாடவில்லை. நன்றி சொல்லிவிட்டு அப்படியே முடித்துவிடுகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

(படத்தில் தெரியாத ஒரு கிளைக்கதை. பிறகு செக்ஸ் பிஸ்டல்ஸ் என்கிற பங்க் குழுவில் கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஜோன்ஸ் அப்போது அந்தப் பக்கத்துச் சில்லறைத் திருட்டுப் பையன். இந்தக் கச்சேரி நடந்த நாட்களில் ஓடியனுக்குள் புகுந்து மேடையிலிருந்த மைக்குகளையும் வேறு சாமான்களையும் கிளப்பிக்கொண்டு போனதாக அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த தலைமுறை எப்படித் தொடங்கியது பாருங்கள்.)

இப்போது எல்லோரும் காத்திருக்கிற இடம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் போவி மைக்கைப் பிடித்து, இந்தச் சுற்றின் கச்சேரிகளிலேயே இதுதான் நம்மோடு அதிக நாள் இருக்கும், ஏனென்றால் இது இந்தச் சுற்றின் கடைசிக் கச்சேரி மட்டுமில்லை, நாங்கள் நடத்தப்போகிற கடைசிக் கச்சேரியே இதுதான் என்கிறார். கூட்டம் வேண்டாம் வேண்டாம் என்று ஓலமிடுகிறது. போவி பாட்டையே விடுகிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவர் விட்டது ஸிக்கியை. அன்று அரங்கிலிருந்த யாருக்கும் அந்த வித்தியாசம் புரிய வாய்ப்பில்லை. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது, ஒரு கலைஞன் தன் வேஷத்தைத் தானே கொன்று போடுகிறான், என்ன கம்பீரம் என்று உருகிப்போய்ப் பத்துப் பேருக்குச் சொன்னேன்.

பிறகுதான் பின்னாலிருந்தவர்களைப் பற்றிப் படித்தேன். ரான்சனுக்கு முன்பே தெரியும். மேனேஜர் டோனி டிஃப்ரீஸுக்குத் தெரியும். ஓர் இசைப் பத்திரிகைக்காரருக்குக்கூட, செய்தி சரியான நேரத்தில் அச்சேற வேண்டுமே என்று, முன்கூட்டியே காதில் போடப்பட்டிருந்தது. போல்டருக்கும் வூட்மன்ஸிக்கும் தெரியாது. கூட்டத்தோடு கூட்டமாக, அதே மைக்கில், அதே நொடியில் அவர்களும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதற்குச் சில மாதம் முன்னால்தான் சம்பளத் தகராறு வேறு. பியானோவுக்கு அமெரிக்காவில் சேர்த்துக்கொண்ட மைக் கார்சன் பேச்சுவாக்கில் தன் வாரச் சம்பளத்தைச் சொல்லிவிட, ஆரம்பத்திலிருந்து கூடவே இருக்கிறவர்கள் வாங்குவதைப் போல் அது பல மடங்கு என்று அன்றைக்குத்தான் வெளிச்சமாகியது. கேட்டார்கள். கேட்டவர்கள் நிலைமை எப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

போன மாதம் அக்கா மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அவளுக்கு போவி மேல் ஆர்வமெல்லாம் இல்லை, மழை, கரன்ட் இருந்தது, வேறு வேலை இல்லை, அதனால் பார்த்தாள். அந்த அறிவிப்பு வந்ததும் நான் வழக்கம்போல் உருக ஆரம்பித்தேன். அவள் சாதாரணமாக, "மாமா, பின்னாடி இருக்கிறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்களா?" என்றாள். இல்லை என்றேன். "எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான், எல்லாரையும் ஒரே மீட்டிங்குக்குக் கூப்பிட்டு ஸ்லைடு போட்டுச் சொன்னாங்க. கைதட்டக்கூடச் செஞ்சோம்." அவள் வேலை போன கதை எனக்குத் தெரியும், ஆனால் இந்தப் படத்தோடு சேர்த்து யோசித்ததில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சில் 'நாங்கள்' என்கிற சொல்தான் காதில் விழுகிறது. நாங்கள் நடத்தப்போகிற கடைசிக் கச்சேரி. யார் அந்த நாங்கள்?

இதனால் போவியை வில்லனாக்க எனக்கு மனமில்லை. வேஷம் ஆளை விழுங்க ஆரம்பித்திருந்தது, அதே ஜூலையில் பிரான்ஸுக்குப் போய் அடுத்த ஆல்பத்தின் வேலையைத் தொடங்கிவிட்டார், அடுத்தடுத்த வருடங்களில் அவர் போன தூரத்தைப் பார்த்தால் இந்த வெட்டு அவசியம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பென்னிபேக்கருக்கும் அன்று எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு கேமராவையாவது டிரம்ஸ் பக்கம் திருப்பி வைத்திருப்பார். தெரியாததால்தான் படம் இவ்வளவு அசலாக இருக்கிறது என்றும் சொல்லலாம், எனக்கு இரண்டும் சரியென்றே படுகிறது.

வாங்குவதைப் பற்றி. இந்தப் படம் வெளிவந்த கதையே ஒரு நொண்டியாட்டம். 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத் துண்டு, 1979இல் எடின்பரோ திரைப்பட விழா, தியேட்டருக்கு முறையாக வந்தது 1983இல். போவி அதற்குள் வெள்ளை சூட்டும் மஞ்சள் முடியுமாக முற்றிலும் வேறு ஆள். 2003 டிவிடிக்கு, போவியின் பல ஆல்பங்களைத் தயாரித்த டோனி விஸ்கான்டி ஒலியை மறுபடி கலந்து கொடுத்தார். அதற்கு முந்தைய கேசட்டுகளையும் கள்ளப் பிரதிகளையும் தொடாதீர்கள். என் முதல் பிரதி அப்படிப்பட்டதுதான், அதில் ரான்சன் கிட்டார் பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி கேட்டது. வாங்குவதென்றால் 50ஆவது ஆண்டுக்காக 2023இல் வந்த பதிப்பை வாங்குங்கள். இருட்டு அப்படியே இருக்கிறது, ஆனால் இருட்டுக்குள் இப்போது ஆட்கள் தெரிகிறார்கள்.

அதோடு பல வருடமாக வெட்டப்பட்டுக் கிடந்த ஒரு பகுதியும் அதில் திரும்பி வந்திருக்கிறது. அன்றைய கச்சேரியில் கடைசியில் இங்கிலாந்தின் பெரிய கிட்டார்காரர் ஜெஃப் பெக் மேடையேறி வாசித்தார். அவருக்கு விருப்பமில்லாததால் படத்தில் சேர்க்கவில்லை. (பெக் இறந்தது 2023 ஜனவரி 10. போவி இறந்ததும் ஒரு ஜனவரி 10, 2016இல்.) உண்மையைச் சொன்னால் பெக் வாசிப்புக்காக அல்ல, ரான்சன் முகத்துக்காக அந்தப் பகுதியைப் பாருங்கள். சின்ன வயதிலிருந்து யாரைப் பார்த்து கிட்டார் பிடித்தாரோ அந்த ஆள் பக்கத்தில் நிற்கிறார். ஒன்றரை மணி நேரம் ராஜாவாகத் திரிந்தவர் அங்கே சட்டென்று பள்ளிக்கூடப் பையனாகிவிடுகிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. கார்சனின் பியானோ காதில் விழுகிற அளவுக்குக் கண்ணில் படுவதில்லை, சாக்ஸபோன்காரர்கள் இருக்கிறார்களா என்றே சந்தேகம் வரும். சில பாட்டுகளில் குரல் தடுமாறுகிறது, மனிதர் ஒன்றரை வருடமாகக் கத்திக் களைத்திருக்கிறார். ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டை அவர்கள் வாசிக்கிற வேகம் எனக்கு ஒத்துவரவில்லை. போவியை இதுவரை கேட்டதே இல்லை என்றால் இதில் தொடங்காதீர்கள், முதலில் ஆல்பத்தை இரண்டு வாரம் கேளுங்கள், அப்புறம் இதைப் பாருங்கள், அந்தப் பெண்கள் ஏன் அழுகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். டிவியில் அசைவை வழுவழுப்பாக்குகிற வசதியை அணைத்துவிடுங்கள். நல்ல ஹெட்போன் இருந்தால் ரொம்ப நல்லது, கடைசிப் பாட்டுக்கு அது தேவைப்படும்.

ஏனென்றால் அது மெதுவாகத் தொடங்குகிற பாட்டு. கிட்டாரும் குரலும்தான் முதலில், டிரம்ஸ் கொஞ்சம் கழித்துத்தான் வரும். அதாவது வூட்மன்ஸி தன் வேலை போன செய்தியைக் கேட்டுவிட்டு, கையில் குச்சியை வைத்துக்கொண்டு, செய்ய ஒன்றுமில்லாமல், தன் இடம் வரும்வரை அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். (சில நாளில் அவருடைய கல்யாணத்தன்றே போன் வந்தது, அடுத்த ஆல்பத்துக்கு நீ வேண்டாம் என்று. அந்த இருவரில் போல்டரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.) முன்னால் போவி கூட்டத்தை நோக்கிக் கை நீட்டுகிறார், கூட்டம் அவரை நோக்கிக் கை நீட்டுகிறது, கேமராவும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் ஹெட்போனில் பின்னால் கேளுங்கள். அவர் இடம் வருகிறது. ஒரு மாத்திரை பிசகாமல் உள்ளே வருகிறார்.

அக்கா மகள் அந்த இடத்தை இரண்டு தடவை பின்னால் ஓட்டச் சொன்னாள்.